ஒரே இடத்தில் உட்காரும் அச்சு: எலும்பு அறுவைக்கான வழிகாட்டி கணினியில் உருவாகும் விதம்

ஆறு வயதில் கொய்யா மரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்த ஒரு சிறுவனை எண்ணிக்கொள்வோம். முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிந்தது, கட்டுப் போட்டார்கள், சில வாரங்களில் எலும்பு கூடியும் விட்டது. ஆனால் கோணலாகக் கூடிவிட்டது. கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னால் காட்டி நின்றால், பெரும்பாலோருக்கு முன்கை உடலை விட்டுச் சற்று வெளிப்பக்கமாக விலகி நிற்கும். இந்தச் சிறுவனுக்கோ அது இடுப்பை நோக்கி உள்பக்கமாக வளைந்து நிற்கிறது. துப்பாக்கியின் பின்கட்டையைப் போன்ற வளைவு என்று மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுவார்கள். குழந்தைகளின் எலும்பு வளர வளரத் தானே நிமிர்ந்துகொள்ளும் என்பது பல முறிவுகளுக்கு உண்மைதான். ஆனால் மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தோள்பக்க முனையில் நடப்பதால், முழங்கைப் பக்கத்துக் கோணலை வளர்ச்சி பெரிதாகத் திருத்துவதில்லை. பன்னிரண்டு வயதில் அவன் அறுவைச் சிகிச்சைக்கு வருகிறான்.

செய்யவேண்டியது கேட்பதற்கு எளிது. நல்ல கையில் முழங்கை 10 டிகிரி வெளிப்பக்கமாக விலகியிருக்கிறது. கோணலான கையில் 20 டிகிரி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. ஆக, 30 டிகிரி திருத்தவேண்டும். எலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியை மூடினால் கை நேராகிவிடும். வெட்டுமிடத்தில் எலும்பின் அகலம் 30 மி.மீ. என்று கொண்டால், ஆப்பின் அடிப்பக்கம் ஏறத்தாழ 16 முதல் 17 மி.மீ. வரும். பள்ளியில் படித்த திரிகோணவியலே இதற்குப் போதும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதே 30 மி.மீ. அகலத்தில், வெட்டுக்கோட்டின் ஒரு முனை 1 மி.மீ. விலகினாலே கோணம் ஏறத்தாழ 2 டிகிரி மாறிவிடும். தசையும் இரத்தமும் சூழ்ந்திருக்க, சில அங்குலத் திறப்பின் வழியே அதிரும் இரம்பத்தைப் பிடித்திருக்கும் ஒருவரிடம் 1 மி.மீ. துல்லியத்தை வெறுங்கண்ணால் எதிர்பார்க்கிறோம். மேலும் கோணல் ஒரு திசையில் மட்டும் இருப்பதில்லை. உள்வளைவோடு, கீழ்த்துண்டு பின்புறமாகச் சாய்ந்தும், தன் அச்சிலேயே சற்றுத் திருகியும் கூடியிருக்கும். எக்ஸ்ரே படத்தில் உள்வளைவைக் கோடு போட்டு அளந்துவிடலாம். திருகலை அந்தத் தட்டையான படத்தில் அளப்பது கடினம். மூன்று திசைக் கோணலையும் ஒரே ஆப்பால் திருத்துவதற்கு அந்த ஆப்பு எந்தத் தளத்தில், எந்தச் சாய்வில் வெட்டப்படவேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். கணக்கிட்டதை அறுவை அரங்கில், உயிருள்ள எலும்பின்மீது, அதே இடத்தில், அதே சாய்வில் நிறைவேற்றுவதற்குத்தான் ஒரு கருவி தேவைப்படுகிறது. மருத்துவர்கள் அதனைக் கட்டிங் கைடு என்பார்கள். இங்கே அதனை வழிகாட்டி என்றே அழைப்போம்.

கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இக்கருத்து புதியதன்று. ஒரே மாதிரியான நூறு இரும்புப் பாகங்களில் ஒரே இடத்தில் துளை போடவேண்டுமானால், ஒவ்வொன்றிலும் அளந்து குறி வைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்; பாகத்தின்மேல் அப்படியே பொருந்தும் ஒரு ஜிக் செய்து, அதிலுள்ள புஷ் என்னும் குழல் வழியாக டிரில்லை இறக்குவார்கள். அளக்கும் வேலை ஜிக் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. எலும்பு அறுவையின் வழிகாட்டியும் ஒரு ஜிக்தான். வேறுபாடு ஒன்றே: பட்டறையில் நூறு பாகங்களுக்கு ஒரு ஜிக், இங்கே ஒரு மனிதருக்கு, ஓர் எலும்புக்கு, ஒரே ஒருமுறை பயன்படுத்த ஒரு ஜிக். ஒருவர் எலும்பு மற்றவர் எலும்பைப் போல் இருப்பதில்லை என்பது பொதுவான கருவிகளுக்கு இடையூறு. இந்த முறைக்கோ அதுவே ஆதாரம். எலும்பின் மேற்பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள் அந்த ஒருவருக்கே உரியவை என்பதால், அவற்றின் எதிர்ப்பதிவைத் தாங்கிய அச்சாகச் செய்த வழிகாட்டி அந்த எலும்பில் ஒரே ஒரு நிலையில் மட்டுமே உட்காரும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், மீதி எல்லாம் அதிலிருந்து பிறப்பதைக் காணலாம்.

ஜெர்மனியின் ஆகென் நகரில் கிளாஸ் ராடர்மாகரும் அவருடைய குழுவினரும் 1990-களில் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்து, 1998-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் முராசே தலைமையிலான குழு, கோணலாகக் கூடிய கை எலும்புகளை முப்பரிமாணத்தில் திட்டமிட்டு இத்தகைய அச்சுகளால் திருத்திய அனுபவத்தை 2008-இல் வெளியிட்டது. நம் சிறுவனின் முழங்கைக் கோணல் அவர்கள் எடுத்துக்கொண்ட கோணல்களுள் ஒன்று.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதற்பொருள் சி.டி. ஸ்கேன். உடலை மெல்லிய குறுக்குவெட்டுத் துண்டங்களாகப் படமெடுத்து, ஒவ்வொரு துண்டத்தையும் பொதுவாக 512-க்கு 512 என்ற கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணைத் தருகிறது அந்த இயந்திரம். அந்த எண் அவ்விடத்துப் பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. நீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000, தசைக்கு ஏறத்தாழ 50, எலும்பின் கெட்டியான மேலோட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். சி.டி. ஸ்கேனை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் இந்த அளவு வழங்குகிறது.

இந்த இடத்தில் ஸ்கேன் அறைக்குத் தெளிவாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் பிறகு எவ்வளவு திறமையான மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது. துண்டத்தின் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்கவேண்டும். படமெடுக்கும் பரப்பு எலும்பை ஒட்டிச் சுருக்கப்படவேண்டும். 200 மி.மீ. பரப்பை 512 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 0.4 மி.மீ. வருகிறது, உடல் முழுவதற்குமான 500 மி.மீ. பரப்பை அப்படியே விட்டுவிட்டால் கட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிவிடுகிறது. நாம் தேடும் துல்லியமே 1 மி.மீ. என்னும்போது, அடிப்படைக் கட்டமே அந்த அளவில் இருந்தால் பயனில்லை. நல்ல கையையும் சேர்த்தே படமெடுக்கவேண்டும். காரணம் பின்னால் வரும். இவையனைத்தையும் ஒரே முறையில் சரியாக எடுத்துவிடவேண்டும் என்பதும் முக்கியம். குழந்தையின் உடலில் தேவையின்றி இரண்டாம் முறை கதிர் செலுத்த நேர்வது வருத்தத்துக்குரியது.

டைகாம் என்னும் கோப்பு வடிவத்தில் வரும் இந்தத் துண்டங்களிலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுப்பது அடுத்த படி. ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள கட்டங்களை எல்லாம் எலும்பாகக் கொள் என்று மென்பொருளுக்குச் சொல்கிறோம். எளிதாகத் தோன்றும் இந்த எண்ணில்தான் அச்சின் பொருத்தம் பாதி அடங்கியிருக்கிறது. எலும்பின் விளிம்பில் உள்ள ஒரு கட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். அதில் ஒரு பகுதி எலும்பு, மறுபகுதி தசை. இயந்திரம் இரண்டின் சராசரியைத்தான் தரும். எலும்பு 1200, தசை 50 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி உள்ள கட்டத்தின் மதிப்பு 625. எல்லையை 200 என்று வைத்தால், எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எலும்பு இருக்கும் கட்டமும் முழு எலும்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும்; திரையில் எலும்பு உண்மையைவிடச் சற்றுப் பருத்துத் தெரியும். பருத்த எலும்புக்குச் செய்த அச்சு, உண்மையான எலும்பில் தொளதொளவென்று ஆடும். எல்லையை மிக உயர்த்தினாலோ, திரை எலும்பு மெலிந்து, அச்சு உண்மையான எலும்பில் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். மெல்லிய எலும்புப் பகுதிகள் ஓட்டையாகவும் தெரியும். ஆகவே எல்லையை வைத்தபின், துண்டம் துண்டமாகப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, மூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து எலும்பைப் பிரித்து, விடுபட்டதைக் கையால் நிரப்பவேண்டும். பொறுமை வேண்டும் வேலை இது. இதை அவசரமாக முடிப்பவர் பிற்பாடு செய்யும் எதையும் நான் நம்பமாட்டேன்.

பிரித்தெடுத்த கட்டங்களின் மேற்பரப்பைச் சின்னஞ்சிறு முக்கோணங்களால் போர்த்தி முப்பரிமாண உருவமாக்கும் வழிமுறையை லோரன்சனும் கிளைனும் 1987-இல் வெளியிட்டார்கள். இன்றும் அது புழக்கத்தில் உள்ளது. அந்த முக்கோண வலையை 3டி பிரிண்டர்கள் புரிந்துகொள்ளும் எஸ்.டி.எல். கோப்பாகச் சேமிக்கிறார்கள். உருவம் கரடுமுரடாக இருப்பதால் மழமழப்பாக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. அளவோடு பயன்படுத்தவேண்டிய வசதி அது. ஏனென்றால் அச்சு பிடித்துக்கொள்ள வேண்டிய மேடுகளைத்தான் அது முதலில் கரைக்கும்.

இப்போது சிறுவனின் மேற்கை எலும்பு திரையில் இருக்கிறது. நேரான எலும்பு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அவனுடைய மறுகையே அளவுகோல். நல்ல கை எலும்பின் உருவத்தைக் கண்ணாடிப் பிம்பம் போல் இடம்வலமாக மாற்றி, கோணலான எலும்பின் முறியாத மேற்பகுதியோடு பொருத்துகிறார்கள். மேற்பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தபின், கீழ்ப்பகுதிகள் எங்கே விலகுகின்றன என்பது கண்கூடாகத் தெரியும். கோணலான எலும்பை ஒரு தளத்தில் வெட்டி, கீழ்த்துண்டை மட்டும் நகர்த்தி, பிம்பத்தின் கீழ்ப்பகுதியோடு பொருத்தினால் திருத்தம் கிடைத்துவிடுகிறது. அந்த நகர்வை ஆறு எண்களில் சொல்லிவிடலாம்: மூன்று திசைகளில் எவ்வளவு நகர்வு, அந்த மூன்று திசைகளைச் சுற்றி எவ்வளவு சுழற்சி. ஒருவருடைய இடக்கையும் வலக்கையும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், கணினி தரும் ஆறு எண்களை மருத்துவர் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. சிறுவனின் கை அசைவை நேரில் சோதித்தவர் அவர். திருகலைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்றோ, வெட்டு மூட்டுக்கு இன்னும் சற்று மேலே இருக்கட்டும் என்றோ அவர் முடிவு செய்வார்.

இனிதான் வழிகாட்டியின் வடிவமைப்பு. எலும்பின் எந்தப் பரப்பில் அச்சை உட்கார வைப்பது என்பது முதற்கேள்வி. துடைப்பக் கட்டையின்மேல் ஒரு குழாய்த்துண்டை வைத்தால், அது நீளவாக்கில் வழுக்கும், சுற்றியும் சுழலும். எலும்பின் நடுத்தண்டு ஏறத்தாழ துடைப்பக் கட்டைதான். அங்கே மட்டும் உட்காரும் அச்சு எவ்வளவு துல்லியமாகப் பதிவெடுக்கப்பட்டிருந்தாலும் பயனற்றது. விளிம்பு, மேடு, பள்ளம், வளைவு ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு மூன்றை அச்சு தழுவிக்கொள்ளவேண்டும். மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதி இவ்வகையில் வாய்ப்பானது: வெளிப்பக்கமாக ஒரு கூரிய வரம்பு ஓடி, முழங்கைக்கருகில் ஒரு புடைப்பில் முடிகிறது. வரம்பு சுழற்சியைத் தடுக்கும். புடைப்பின் சரிவு வழுக்கலைத் தடுக்கும். ஆனால் சிறுவனின் எலும்பு என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வளரும் பருவத்தில் மூட்டு முனையின் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். சி.டி. படத்தில் குருத்தெலும்பு எலும்பைப் போலத் தெரியாது. திரையில் வெற்றிடமாகத் தோன்றும் இடத்தில் உண்மையில் ஒரு படலம் இருக்கிறது. அதன்மேல் உட்காருமாறு அச்சை நீட்டினால் அச்சு தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே கெட்டியான எலும்புப் பரப்பிலேயே நின்றுவிடவேண்டும்.

திரையில் தெரியாத மற்றொன்று தசை. புதிதாக வடிவமைக்க வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். கணினியில் எலும்பு அம்மணமாக, எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்க்கும்படி மிதக்கிறது. பொருத்தம் உறுதியாக வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில், அச்சை அகலமாகவும் எலும்பைச் சுற்றி வளைத்துக்கொள்ளும்படியும் வரைந்துவிடுகிறார்கள். அறுவை அரங்கிலோ ஒரு பக்கத் திறப்பு மட்டுமே இருக்கும். தசைகளைக் கொக்கியால் விலக்கிப் பிடித்திருப்பார்கள். மேற்கையின் பின்புறமாகச் சுற்றி வெளிப்பக்கமாக இறங்கும் ரேடியல் நரம்பு அருகிலேயே இருக்கும். முழங்கையின் உள்பக்கத்தில் அல்நர் நரம்பு. பெரிய அச்சை உள்ளே இறக்கவேண்டுமானால் திறப்பை நீட்டவேண்டும், எலும்பிலிருந்து அதிகமான தசையைப் பிரிக்கவேண்டும். அச்சு எலும்பில் படும் இடமெங்கும் எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையையும் நீக்கவேண்டும். நீக்காவிட்டால் அதன் தடிமன் அளவுக்கு அச்சு மேலே நிற்கும். ஆகவே அறுவை மருத்துவர் எந்தப் பக்கமாகத் திறக்கப்போகிறார், எவ்வளவு நீளம் திறப்பார், கருவியை எந்தத் திசையிலிருந்து இறக்குவார் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே முதற்கோடு போடவேண்டும்.

இடம் முடிவானதும் அச்சின் உடலை உருவாக்குவது மென்பொருளில் விரைவாக நடக்கும். தேர்ந்தெடுத்த பரப்பை மூடும்படி சில மி.மீ. தடிமனுள்ள ஒரு கட்டியை வரைந்து, அதிலிருந்து எலும்பின் உருவத்தைக் கழிக்கிறார்கள்; கட்டியின் அடியில் எலும்பின் எதிர்ப்பதிவு உண்டாகிவிடுகிறது. அச்சும் எலும்பும் இறுக்கிச் சிக்காமல் இருக்க, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி விடுகிறார்கள். எலும்பு உட்குழிந்து செல்லும் இடங்களில் அச்சு அடியில் மாட்டிக்கொள்ளாதபடி அப்பகுதிகளை நிரப்பிவிடுகிறார்கள். அச்சு முழுவதுமாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒன்றிரண்டு சாளரங்கள் வெட்டுவது நல்ல வழக்கம். இடமா வலமா, எந்தப் பக்கம் மேல் என்பதை அச்சிலேயே எழுத்தாகப் பொறித்துவிடவேண்டும்; அந்த எழுத்து சிறியதாகத் தெரியலாம், ஆனால் அதை விடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

இரம்பம் செல்லும் பிளவுக்குச் சற்று நேரம் கொடுப்போம். இரம்பத் தகட்டின் தடிமன் 1 மி.மீ. என்றால், பிளவை 1.2 மி.மீ. அகலத்தில் வெட்டினால் தகடு சிக்காமல் ஓடும். அந்த 0.2 மி.மீ. தளர்வால் தகடு எவ்வளவு சாயக்கூடும்? பிளவின் ஆழம் 5 மி.மீ. என்றால் இருபக்கமும் 2 டிகிரிக்குச் சற்று மேல். ஆழத்தை 10 மி.மீ. ஆக்கினால் அது பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் பிளவின் இருபுறமும் அச்சின் சுவரை உயர்த்திக் கட்டுகிறார்கள். ஆனால் சுவரை உயர்த்திய அளவுக்கு இரம்பத் தகட்டின் நீளம் சுவருக்குள்ளேயே செலவாகிவிடும். மறுபக்கத்து எலும்பை எட்ட நீளமான தகடு வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் தகட்டின் நீளத்தையும் தடிமனையும் கேட்காமல் பிளவை வரைவது, ஆணியைப் பார்க்காமல் துளை போடுவது போன்றதுதான்.

இந்த முறையின் அழகு முழுவதும் வெளிப்படும் இடம் வெட்டுப் பிளவன்று, திருகுத் துளைகள். வெட்டை எவ்வளவு சரியாகப் போட்டாலும், துண்டுகளைத் திட்டமிட்ட நிலையில் கொண்டுவந்து பிடிப்பது தனி வேலை. திருகலை அங்கே கண்ணால் மட்டுமே தீர்மானிக்கவேண்டிவரும். இதற்கு ஓர் உபாயம் செய்கிறார்கள். கணினியில் எலும்பு திருத்தப்பட்ட நேரான நிலையில் இருக்கும்போது, அதன்மேல், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கப்போகும் உலோகப் பிளேட்டை வைத்து, திருகுகள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். மேல்துண்டில் மூன்று, கீழ்த்துண்டில் மூன்று என்று வைத்துக்கொள்வோம். பிறகு கீழ்த்துண்டைப் பழைய கோணல் நிலைக்கே திருப்பி எடுத்துச் செல்கிறார்கள். அதிலுள்ள மூன்று துளைக்குறிகளும் அதனோடு சேர்ந்தே செல்கின்றன. இப்போது கோணலான, வெட்டப்படாத எலும்பின்மேல் ஆறு குறிகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு அவை ஒழுங்கற்றுச் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். அந்த ஆறு இடங்களுக்கும் டிரில்லை வழிநடத்தும் குழாய்களை வழிகாட்டியில் அமைத்துவிடுகிறார்கள். அறுவையின்போது, எலும்பை வெட்டும் முன்பே இந்த ஆறு துளைகளும் போடப்படுகின்றன. அதன்பின் ஆப்பை வெட்டி எடுத்துவிட்டு, பிளேட்டைக் கொண்டுவந்து, அதன் துளைகளை எலும்பிலுள்ள துளைகளோடு சேர்த்துத் திருகினால், கீழ்த்துண்டு தானாகவே திட்டமிட்ட நிலைக்கு வந்து நிற்கிறது. உள்வளைவு, சாய்வு, திருகல் மூன்றும் ஒருசேரத் திருந்துகின்றன. அரங்கில் யாரும் கோணத்தை அளப்பதில்லை. அளவெல்லாம் துளைகளுக்குள் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அச்சிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைலான் தூளை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி ஒட்டவைக்கும் முறையும், ஒளிபட்டால் கெட்டியாகும் பிசினால் செய்யும் முறையும் பரவலாக உள்ளன, டைட்டானியத்திலும் செய்கிறார்கள். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கிருமிநீக்கத்தை மறக்கக்கூடாது. மருத்துவமனை ஆட்டோகிளேவில் நீராவியின் வெப்பம் 121 அல்லது 134 டிகிரி செல்சியஸ். மேசைமேல் வைக்கும் மலிவான பிரிண்டர்களில் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். வீட்டில் மாதிரி செய்து பார்க்க அது போதும், அறுவைக்கு ஆகாது. வழிகாட்டியோடு சிறுவனின் எலும்பையும் உண்மையான அளவில் அச்சிட்டுவிடுவது வழக்கம். அந்தப் போலி எலும்பின்மேல் வழிகாட்டியை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, நான்கு பக்கமும் அசைத்துப் பார்க்கவேண்டும். நன்றாக அமைந்த அச்சு, சரியான இடத்தை நெருங்கும்போது தானே இழுத்துக்கொண்டதுபோல் இறங்கி, பிறகு அசையாது. இரண்டு இடங்களில் சமமாக உட்காருவதுபோல் தோன்றினால் அந்த அச்சைத் தூக்கி வைத்துவிட்டு மீண்டும் வரையவேண்டும். கிருமிநீக்கம் செய்தபின் மெல்லிய பாகங்கள் வளைந்திருக்கின்றனவா என்பதையும் இதேபோல் சோதிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்: ஸ்கேனைப் பிரித்தெடுத்ததில் பிழை இருந்தால், போலி எலும்பிலும் வழிகாட்டியிலும் அதே பிழைதான் இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று அருமையாகப் பொருந்தும், உண்மையான எலும்போடு மட்டும் பொருந்தாது.

அரங்கில் அச்சு எலும்பில் உட்கார்ந்ததும், கே ஒயர் எனப்படும் மெல்லிய உலோகக் கம்பிகளை அதன் துளைகள் வழியே எலும்பில் ஏற்றி நிறுத்துகிறார்கள். கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அச்சு அவற்றின் வழியே மேலே நழுவி வரக்கூடும். ஒன்றையாவது சாய்வாக ஏற்றினால் அச்சு பூட்டிக்கொள்ளும். பிறகு ஓர் எக்ஸ்ரே பார்த்து உறுதி செய்துகொண்டு, துளைகள், அதன்பின் வெட்டு.

நம் நாட்டில் இந்த முறை மிகவும் பயன்படும் மற்றோர் இடம் கீழ்த்தாடை. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் இந்திய ஆண்களிடையே முன்வரிசையில் இருக்கும் புற்றுநோய். கட்டி தாடை எலும்பைப் பற்றிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாகவேண்டும். எடுத்த இடத்தை நிரப்பாவிட்டால் முகம் ஒடுங்கி, மெல்லுவதும் பேசுவதும் பாதிக்கப்படும். கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஃபிபுலா என்னும் மெல்லிய நீண்ட எலும்பை, அதன் இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக அமைக்கும் முறையை நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ 1989-இல் வெளியிட்டார். கணுக்காலின் உறுதிக்காகக் கீழ்முனையில் 6 முதல் 7 செ.மீ. வரை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுக்கிறார்கள். நேரான எலும்பைத் தாடையின் வளைவாக்க அதை இரண்டு மூன்று துண்டுகளாகச் சாய்வெட்டுப் போட்டு மடிக்கவேண்டும். சட்டகம் செய்யும் தச்சர் மூலையில் போடும் சாய்வெட்டைப் போல. ஒவ்வொரு வெட்டும் இரத்தக் குழாயையும் எலும்பு உறையையும் காயப்படுத்தாமல் நடக்கவேண்டும். துண்டு ஏறத்தாழ 2 செ.மீ.க்குக் குறைந்தால் அதற்கு இரத்த ஓட்டம் போதாமல் போகக்கூடும்.

இங்கே இரண்டு வழிகாட்டிகள் தேவை: தாடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. இரண்டும் உட்காரும் விதத்தில் உள்ள வேறுபாடு கூர்ந்து கவனிக்கத்தக்கது. தாடையின் அச்சு, நம் சிறுவனின் அச்சைப் போலவே, ஒரே இடத்தில்தான் உட்காரவேண்டும்; கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல எலும்பு சேர்த்து எடுக்கப்படுகிறது என்பது அதைப் பொறுத்தது. காலின் அச்சுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. ஃபிபுலாவின் தண்டு மழமழப்பானது. அதன்மேல் எலும்பு உறையையும் மெல்லிய தசைப்படலத்தையும் விட்டுவைத்தே ஆகவேண்டும், ஏனெனில் இரத்த ஓட்டம் அவற்றின் வழியேதான். அச்சு மேலும் கீழுமாக ஓரிரு மி.மீ. நகர்ந்து உட்கார்ந்தாலும் பெரிதாகக் கெடுதலில்லை. வெட்டுகளுக்கு இடையிலுள்ள தொலைவும் கோணமும் அச்சுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் துண்டுகளின் வடிவம் மாறுவதில்லை. எங்கே இடம் முக்கியம், எங்கே வெட்டுகளின் உறவு முக்கியம் என்று பிரித்தறிவதுதான் நல்ல வடிவமைப்பாளரின் கண். இரம்பம் தின்னும் தடிமனையும் இங்கே கணக்கில் கொள்ளவேண்டும். அது எறியப்படும் துண்டின் பக்கம் விழுமாறு பிளவை நகர்த்தி வைக்காவிட்டால், ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மி.மீ. குறைந்துகொண்டே வந்து தாடையின் நீளத்தைச் சுருக்கிவிடும். வழிகாட்டியால் கிடைக்கும் பெரிய நன்மை நேரம்: எலும்பு இன்னும் காலில் இரத்த ஓட்டத்தோடு இருக்கும்போதே வெட்டுகளைப் போட்டு மடித்துவிடலாம் என்பதால், இரத்தம் இல்லாமல் அது காத்திருக்கும் நேரம் குறைகிறது.

எல்லா இடத்திலும் இந்த முறை வெற்றி பெற்றுவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நோயாளிக்கேற்ற வழிகாட்டிகள் பெரும் எதிர்பார்ப்போடு வந்தன. வழக்கமான கருவிகளைவிட அவை தொடர்ந்து மேலான பலனைத் தருகின்றன என்பது ஒப்பீட்டு ஆய்வுகளில் நிலைநாட்டப்படவில்லை. அங்கே மரபான கருவிகள் நன்கு பண்பட்டவை, வெட்டுகளும் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே மாதிரியானவை. அச்சு உட்காரவேண்டிய இடத்திலோ தேய்ந்தும் தேயாமலும் குருத்தெலும்பு. கோணல் மூன்று திசையிலும் ஓடும் எலும்பு, ஒவ்வொருவருக்கும் வேறுபடும் கட்டி, பல துண்டுகளாக மடிக்கவேண்டிய தாடை ஆகிய இடங்களில்தான் இந்த உழைப்பு தன் மதிப்பைக் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். வெளியான அனுபவங்களில் திட்டத்துக்கும் முடிவுக்கும் இடையேயான விலகல் பெரும்பாலும் ஓரிரு மி.மீ., சில டிகிரி என்ற அளவில் இருக்கிறது. அது சுழியம் அன்று என்பதை நோயாளியிடமும் சொல்லவேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். இந்தியாவின் மருத்துவச் சாதன விதிகள் 2017, ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக மட்டும் செய்யப்படும் சாதனத்தை, மருத்துவரின் எழுத்துப்பூர்வப் பரிந்துரையின்படி அவருடைய பொறுப்பில் செய்யப்படுவதாகவே வரையறுக்கிறது. பொறியாளர் கோடு போடலாம். எங்கே வெட்டுவது என்ற முடிவு மருத்துவருடையது. வெட்டுத் தளங்களைத் திரையில் சுழற்றிப் பார்த்து, அவர் ஒப்புதல் தந்தபிறகே அச்சுக்கு அனுப்பவேண்டும்.

புற்றுநோய்க் கட்டிகளில் கடைசியாக ஒரு கவனம் தேவைப்படுகிறது. ஸ்கேன் எடுத்த நாளின் எலும்புக்குத்தான் வழிகாட்டி செய்யப்படுகிறது. வடிவமைத்து, அச்சிட்டு, அறுவை நாள் வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டால் கட்டி அதற்குள் வளர்ந்திருக்கும். திட்டமிட்ட வெட்டு கட்டிக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று அரங்கில் தெரிந்தால், அச்சு பொருந்துகிறது என்பதற்காக அதே பிளவில் வெட்டிவிடக் கூடாது. இதை எதிர்பார்த்து, தாடையின் வழிகாட்டியில் சில மி.மீ. தள்ளி இரண்டாவது பிளவு ஒன்றையும், அதற்கு ஏற்ற நீளத்தில் வெட்டும் இன்னொரு கால் வழிகாட்டியையும் சேர்த்தே செய்துவைப்பது உண்டு. அரங்கில் எலும்பைக் கண்ணால் பார்த்தபின், எந்தப் பிளவில் இரம்பத்தை இறக்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.